ஆகாசத்து அச்சு

மத்திகிரியில் அந்த நாளில் பெங்களூர் விமானக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர் வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டாம். அடுப்படியை எட்டிப் பார்த்தால் போதும். குழம்புச் சட்டிக்கு ஓர் அலுமினியத் தகடு மூடியாகக் கிடக்கும். அதன் ஓரத்தில் குத்திய நம்பர் இன்னும் அழிந்திருக்காது. பால் பாத்திரத்தை இறக்கி வைக்க ஓர் எஃகு வளையம் இருக்கும், அரிசி அளக்க ஏதோ குழாயின் அடித்துண்டு இருக்கும். கம்பெனியில் கழித்துப் போட்டதை மேஸ்திரியிடம் கேட்டு, வாசல் காவலாளியிடம் காட்டிவிட்டு, ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். கழிச்ச சாமான் என்று அதற்குப் பேர். கழிச்ச சாமான் வராத வீட்டுக்காரன் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவனாகத்தான் இருப்பான் என்று பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

மேரிராணியின் புருஷன் அருள்ஜோசப்புக்கு ஹெலிகாப்டர் பிரிவில் வேலை. தலைக்கு மேலே சுற்றுகிற விசிறியின் இலைகளை நடுக்குடத்தோடு பிடித்து நிறுத்துகிற எஃகு முளை ஒன்று உண்டு. ஒரு சாண் நீளம், கட்டைவிரல் பருமன், தொட்டால் வழுக்கும். அதைப் 'பின்னு' என்பார்கள். இத்தனை நேரம் பறந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது என்று சட்டம். பார்க்க நன்றாகவே இருந்தாலும் கழற்றிவிட்டுப் புதிது போட்டாக வேண்டும். அப்படி ஆயுள் முடிந்த ஒன்றை ஆவணி மாதத்தில் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அழகாயிருந்தது, எடுத்துவந்தார். அது ஜன்னல் மேல் ரொம்ப நாள் சும்மா கிடந்தது.

வாரமெல்லாம் பெங்களூரில் தங்கி, சனிக்கிழமை மாலை வீடு வருகிறவர் அருள்ஜோசப். பொங்கல் கழிந்த ஒரு வியாழக்கிழமை, வெயில் ஏறுகிற நேரத்தில் வந்து நின்றார். மேரிராணி ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் நீக்கிப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர் மாதங்களில் ஓசூர்ப் பக்கத்தில் பிதுக்குப் பருப்பு மணக்காத வீடு கிடையாது.

"என்னாங்க, லீவா?"

அவர் செருப்போடு உள்ளே வந்து ஜன்னலைத் தடவினார்.

"அந்தப் பின்னு எங்க ராணி?"

"எந்தப் பின்னு?"

"பளபளன்னு கெடந்துச்சே, இங்க."

"அதா. கெம்பம்மாக்காவுக்குக் குடுத்துட்டேன். கார்த்திகையில வந்துச்சில்ல, அப்ப. கெணத்துக் கப்பிக்கு அச்சு வளைஞ்சு போச்சுன்னுது. அளந்து பார்த்தோம், சரியா இருந்துச்சு." அவள் கை பிதுக்குவதை நிறுத்தவில்லை. "ஏன், கழிச்ச சாமான்தானே?"

"அந்தக் கப்பியில தண்ணி சேந்தறாங்களா, ஆள் எறங்குறாங்களா?"

"கெணறு ஆழப்படுத்தறாங்க. ஆள் எறங்காம, வெடி வெச்ச கல்லு தானா நடந்து மேல வருமா?"

அருள்ஜோசப் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் மேரிராணி கையைக் கழுவினாள்.

அவர் சொன்னது இதுதான். அந்தப் பின்னைச் செய்த சீமைக் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. ஒரே உலையில் காய்ச்சிய ஒரு தொகுதி முழுக்கச் சந்தேகம். எங்கோ ஒரு தேசத்தில், பறக்கும்போதே அதில் ஒன்று முறிந்து, ஏறியவர் யாரும் மிஞ்சவில்லை. அதனால் அந்தத் தொகுதியில் வந்தது எந்த ஹெலிகாப்டரில் இருந்தாலும் இறக்கு, கழற்று, புதிது போடு, கழற்றியதை ரம்பத்தால் இரண்டாக அறு, இரண்டு பாதியையும் கொண்டுவந்து காட்டு. மறுபடி ஒருவன் தெரியாமல் எடுத்து மாட்டிவிடக் கூடாது. முன்னமே ஆயுள் முடிந்து கழித்ததையும் விடாதே. நேற்றெல்லாம் அவர் அறுத்துக்கொண்டே இருந்தார். அறுக்கும்போதுதான் வீட்டு ஜன்னல் ஞாபகம் வந்தது.

"போயி மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். போ, கொண்டா, இல்லன்னா வேலைக்கே வராதேன்னாரு."

"வேலை கெடக்கட்டும்," என்றாள் மேரிராணி. "கங்கப்பண்ணன் உள்ள எறங்கியிருக்குமே."

கெம்பம்மா யார் என்று கேட்பீர்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளும் அவள் புருஷன் கங்கப்பனும் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை செய்தார்கள். பக்கத்து வரிசை வீடு. பெண் பிறந்த பதினைந்தாம் நாள் மேரிராணி விஷக் காய்ச்சல் வந்து விழுந்துவிட்டாள். கெம்பம்மாவுக்கு அப்போது கைப்பிள்ளை. தன் பிள்ளையை ஒரு பக்கமும் மேரிராணியின் பெண் அருள்செல்வியை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் பால் கொடுத்தாள். "ஒனக்கு எத்தனை கன்னுக்குட்டி?" என்று பண்ணைக்காரர்கள் கேலி பேசினால், "எண்ணிக்கினா இருக்கேன்?" என்பாள். பிறகு கங்கப்பனின் அப்பா செத்து, ராயக்கோட்டை சாலையில் அவர்களுடைய கல்லாங்காடு பங்குக்கு வந்தது, போய்விட்டார்கள். அவளுக்கு என்ன செய்வது, எதைக் கொடுப்பது என்று மேரிராணி தவித்துக்கொண்டே இருந்தாள். சேலை எடுத்துக் கொடுத்தால் கெம்பம்மா வாங்க மாட்டாள். அந்த அச்சைத்தான் முகம் மலர வாங்கிக்கொண்டாள். அதைத் திருப்பிக் கேட்கத்தான் இப்போது போக வேண்டும்.

குழந்தையை அடுத்த வீட்டு முனவர் பேகத்திடம் விட்டார்கள். "பொழுதோட வந்துடுங்கம்மா. வரலேன்னா இவ எங்க வீட்டுப் பொண்ணு, சொல்லிட்டேன்," என்றாள் அவள். அருள்ஜோசப் ஒரு ரம்பத்தையும் நாலு பிளேடையும் துணிப்பையில் போட்டுக்கொண்டார். இருவரும் ஒரு வாய்க் களி தின்னவில்லை.

ஓசூரில் ராயக்கோட்டை பஸ் நின்றிருந்தது, ஆனால் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். மார்க்கெட்டில் தக்காளி விற்றுவிட்டுத் திரும்புகிறவர்கள் காலிக் கூடைகளோடு ஏறி, கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு, தெலுங்கில் பாதி தமிழில் பாதி பேசினார்கள். ஒருவழியாகக் கிளம்பிய பஸ் சானமாவுக் காட்டோரத்தில் மறுபடி நின்றுவிட்டது.

"எறங்காதீங்க. களத்து ராகிக்கு வந்த யானை ரோட்டோரமா நிக்குது. அதுவா போனாத்தான்," என்றார் கண்டக்டர்.

"ஆரன் அடியேன்யா," என்றான் ஒருவன்.

"நீ எறங்கிப்போயி அடி. நான் டிக்கெட் காசைத் திருப்பித் தர்றேன்."

பஸ்ஸே சிரித்தது. மேரிராணிக்கு மட்டும் உட்கார முடியவில்லை. முந்தானை நுனியை முறுக்கினாள், அவிழ்த்தாள், மறுபடி முறுக்கினாள்.

"நெசமாவே ஒடைஞ்சிருமாங்க அது?"

"தெரியாது."

"விசிறியில எவ்ளோ பாரம் தாங்குது. கெணத்துல ஒரு ஆளு, ஒரு கூடை கல்லு. அதைத் தாங்காதா?"

"தாங்கலாம்."

"அப்பறம் ஏன் இப்படி ஓடியாந்தீங்க?"

அவர் வெளியே பார்த்தார். "ஒடையும்னு தெரிஞ்சா நாங்க கழட்டறோம்? ஒடையாதுன்னு யாராலயும் சொல்ல முடியல. அதான் கழட்டறோம். உள்ளாற கீறல் இருந்தா கண்ணுக்குத் தெரியாது. இன்னிக்குத் தாங்கும், நாளைக்கும் தாங்கும். என்னிக்கு விடும்னு அதுக்கே தெரியாது," என்றார்.

யானை எப்போது போனதோ, பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

சாலையில் இறங்கிக் கரம்பு வழியே நடக்கும்போதே கிணற்றுமேடு தெரிந்தது. வெட்டி எறிந்த நீலக்கல் மலைபோலக் குவிந்திருந்தது. மூன்று வருஷமாக மழை ஏமாற்றியதில் அந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் அடிப்பாறையைக் காட்டிக்கொண்டிருந்தன. இரண்டு கல்தூணுக்கு நடுவே உத்தரம், உத்தரத்தில் கப்பி, கப்பியில் வடம். நாலு பேர் வடத்தை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். கூடை நிறையக் கல் மேலே வந்தது. கப்பி முன்புபோலக் கிரீச்சிடவில்லை. சத்தமே இல்லாமல் சுற்றியது. அச்சின் இரண்டு முனையிலும் மஞ்சளும் குங்குமமும் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவைச் செருகியிருந்தார்கள்.

கல் கொட்டிக்கொண்டிருந்த கெம்பம்மா அவர்களைப் பார்த்ததும் கூடையை விட்டாள். கன்னடம் கலந்த தமிழ் அவளுக்கு. "அய்யோ, யாரு பார்ரா. நோடு சென்னப்பா, யாரு வந்திருக்காங்கோ நோடு. செல்வி எங்க? கூட்டியாரலையா?"

கங்கப்பனின் தம்பி சென்னப்பன் வடத்தைப் பிடித்தபடியே பல்லைக் காட்டினான். "வாங்கண்ணா. ஒங்க ஆகாசத்து அச்சு எப்படி ஓடுது பாத்தீங்களா? முந்தி ஆறு பேரு இழுப்போம். இப்ப நாலு பேரு, அதுலயும் ஒருத்தன் சும்மா புடிச்சிக்கினு வர்றான்."

"வடத்தை விடு சென்னப்பா," என்றார் அருள்ஜோசப். "அந்த அச்சைக் கழட்டணும். அதுல சந்தேகம் வந்திருக்கு."

சென்னப்பன் சிரிப்பு அப்படியே நின்றது.

கிணற்றுக்குள் இருந்து கங்கப்பன் குரல் வந்தது. ஆழத்திலிருந்து வருகிற குரல் பானைக்குள் பேசுகிற மாதிரி. "யார்ரா அது மேல? ஏன் கூடை வரல?"

"ஜோசப்பண்ணன் வந்திருக்காரு. அச்சைக் கழட்டணுமாம்."

"எதுக்கு?"

"கெட்டுப்போன அச்சாம்."

கீழே கடப்பாரையைச் சாத்தி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "பொண்டாட்டி குடுத்ததைத் திருப்பி வாங்க வந்தியா ஜோசப்பு? நல்ல ஆம்பளை. தண்ணி பாக்கறதுக்கு முன்னால கெணத்து மேல இருக்கற எதையும் கழட்டறதில்ல, தெரியுமில்ல? பூசை போட்டு மாட்டினது. கூடையை அனுப்பு. நான் மேல வந்து பேசறேன்."

"அந்தக் கப்பியில வராதீங்கண்ணா," என்று கத்தினார் அருள்ஜோசப்.

"பின்ன பறந்தா வர? அதுக்கும் ஒங்க கம்பெனியில ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

வடம் பிடித்தவர்கள் சிரித்தார்கள். பழைய கிணற்றுக்குக் கல்படி உண்டு. புதிதாக வெட்டிய பாறைக்குப் படியில்லை. கூடை கீழே போயிற்று. வடம் இரண்டுமுறை ஆடியது. கங்கப்பன் உட்கார்ந்துவிட்டான் என்று அர்த்தம். "இழுங்கடா," என்றது குரல்.

அருள்ஜோசப் ஓடிப்போய் வடத்தைக் குறுக்கே பிடித்துக்கொண்டார். "இழுக்காதீங்க."

"விடுங்கண்ணா. கம்பெனியில ஒங்க பேச்சு. இங்க எங்க பேச்சு," என்றான் சென்னப்பன். ஒருவன் அவர் தோளைப் பிடித்தான்.

கெம்பம்மா வடக்காரர்களை விலக்கிக்கொண்டு நடந்தாள். நேரே மேரிராணியிடம் வந்தாள். அவள் கை முழுக்கக் கல்தூள்.

"அவங்க பேச்சு எனக்கு வேணாம். நீ சொல்லு. அது ஒடையுமா?"

ஒடையும் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று மேரிராணிக்குத் தெரிந்தது. நாக்கு வரை வந்தும்விட்டது. ஆனால் பால் கொடுத்தவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியலக்கா. அவருக்கும் தெரியல. அதைச் செஞ்சவங்களுக்கே தெரியல. அதனாலதான் வேணாம்னு ஓடியாந்தோம்."

கெம்பம்மா திரும்பிக் கப்பியைப் பார்த்தாள். பூ வைத்த அச்சைப் பார்த்தாள். பிறகு சென்னப்பனிடம், "வடத்தைக் கழட்டி புங்க மரத்துல கட்டு. ஒங்கண்ணன் ஏறி வரட்டும்," என்றாள்.

"அண்ணி—"

"கட்டுன்னா கட்டு."

கங்கப்பன் வடத்தைப் பிடித்து, பாறைப் பொத்தல்களில் கால் வைத்து, வழியெல்லாம் வைதுகொண்டே ஏறிவந்தான். விமானத்தை வைதான், பெங்களூரை வைதான், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீட்டில் பெண் கட்டியவனையும் கொடுத்தவனையும் வைதான். மேலே வந்தபோது இரண்டு முழங்காலும் சிராய்த்து ரத்தம் கசிந்தது.

"எங்க கீறல்? காட்டு."

"கண்ணுக்குத் தெரியாதுண்ணா."

"கண்ணுக்குத் தெரியாததை நீ எப்படிப் பாத்தே?"

அருள்ஜோசப் அச்சைக் கழற்றி எடுத்தார். "கொஞ்சம் மண்ணெண்ணெய் வேணும். அப்பறம் விபூதி."

கங்கப்பனுக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "கேட்டியா சென்னப்பா, வேதக்காரன் விபூதி கேக்கறான். பூசைக்கு மேல பூசை."

அவர் அச்சை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். கெம்பம்மா எல்லாருக்கும் நீர்மோர் கொடுத்தாள். மேரிராணிக்கும் கொடுத்தாள், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை. ஊறியதை எடுத்து ஈரம் போகத் துடைத்து, மேலே விபூதியை மெல்லத் தூவினார். கீறல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் கருப்புக் கோடு தெரியும் என்றார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நிழல் நகர்ந்தது. புங்க மரத்தில் ஏதோ பறவை ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டது.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"ஒண்ணுமில்லையே," என்றான் சென்னப்பன்.

"ஒண்ணுமில்ல," என்றார் அருள்ஜோசப். "இதுல தெரியறது மேல் கீறல்தான்." பையிலிருந்து ரம்பத்தை எடுத்தார்.

"நல்ல அச்சை அறுக்கவா போறே?" கங்கப்பன் குரலில் இப்போது கோபம் இல்லை. அதுதான் மேரிராணிக்குக் கேட்க முடியவில்லை. "என் முட்டியை ஒடைச்சு மேல வரவெச்சு, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு, அறுக்கறியா?"

அவர் அறுத்தார். எஃகு லேசில் கொடுக்கவில்லை. ஒரு பிளேடு போயிற்று, இன்னொன்று போயிற்று. யாரும் உதவிக்கு வரவில்லை. கடைசியில் இரண்டாக விழுந்தபோது வெட்டு வாய் இரண்டும் புது வெள்ளி மாதிரி மின்னின. கங்கப்பன் ஒரு பாதியை எடுத்துப் பார்த்தான். கீறலும் இல்லை, துருவும் இல்லை. அதை மேரிராணியின் மடியில் போட்டுவிட்டுப் போய் மரத்தடியில் முதுகு காட்டி உட்கார்ந்தான்.

"பழைய அச்சை மாட்டிக்கலாமில்ல?" என்று அருள்ஜோசப் மெல்லக் கேட்டார்.

"அதைக் கொல்லன் உளியா அடிச்சுட்டான்," என்றான் சென்னப்பன். "உளி வேணுமா? கொண்டாரட்டுமா?"

மேரிராணி புருஷனைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வந்தது.

"கம்பெனியில ஒண்ணைக் கழட்டினா ஒண்ணைப் போடணும்னுதானே சட்டம்? இங்க வெறும் ரம்பத்தோட வந்துட்டோமே. இவங்க கெணறு இன்னா சும்மாவா?"

அவர் ரம்பத்தைப் பைக்குள் போட்டார்.

"நம்ம கொல்லைக்கதவுத் தாழ்க்கம்பி இருக்குதே, அதே பருமன். நாளைக்குக் கொண்டாந்துடறோம் அண்ணா," என்றாள் முதுகைப் பார்த்து. "அதை அறுத்து மாட்டிக்கலாம்."

"கதவு?" என்றாள் கெம்பம்மா.

"ஆட்டுக்கல்லை முட்டு வெச்சிக்கறோம்."

எந்தக் காலத்திலும் கெம்பம்மா வீட்டிலிருந்து மேரிராணி வெறுங்கையாய்த் திரும்பியதில்லை. ராகி மாவோ, அவரைக்காயோ, ஒரு பூசணியோ மடியில் விழும். அன்றைக்கு மடியில் இரண்டு துண்டு எஃகு மட்டும்தான். பஸ்ஸில் அது தொடையை அழுத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்கே தாழ்க்கம்பியோடு போனார்கள். மேரிராணியின் அப்பா அந்த வீட்டைக் கட்டும்போது போட்ட கம்பி. இரும்பு என்றால் அந்தக் கால இரும்பு என்று அவர்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். கங்கப்பன் கையில் வாங்கி எடை பார்த்தான். "இது இரும்பு. இதைப் பாத்தா நம்பிக்கை வருது," என்றான்.

"நில்லுங்கண்ணா. இதையும் ஊறப்போடணும்."

"மறுபடியுமா? வீட்டுக் கதவுல இருந்ததுய்யா."

"இருக்கட்டும்."

மண்ணெண்ணெய், துணி, விபூதி. இந்தத் தடவை யாரும் குனியவில்லை. வடக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள். கெம்பம்மாதான் முதலில் பார்த்தாள்.

"அது இன்னா?"

ஒரு முனையிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, வெள்ளையில் மயிரிழை போல ஒரு கருப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டது. எறும்பு ஊர்வதுபோல வளைந்து, கம்பியைப் பாதி சுற்றி நின்றது. கங்கப்பன் நகத்தால் விபூதியைச் சுரண்டி அந்த இடத்தைப் பார்த்தான். வெறும் இரும்பு. ஒன்றும் தெரியவில்லை. மறுபடி தூவச் சொன்னான். மறுபடி அதே இடத்தில் அதே கோடு.

பீடி குடித்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

"இதை நம்பித்தான் இத்தனை வருஷம் கதவைச் சாத்திக்கினு தூங்கினீங்களா?" என்றான் கங்கப்பன். கேலியாகத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது குரல் தணிந்துவிட்டது. தன் சிராய்த்த முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டான்.

கோடு இல்லாத முனையிலிருந்து ஒரு சாணுக்கு அளந்து, அருள்ஜோசப் ரம்பத்தை வைத்தார். சென்னப்பன் வந்து மறுமுனையை மிதித்துக்கொண்டான். அறுத்த துண்டைக் கங்கப்பனே மண்ணெண்ணெயில் போட்டான். அவனே துடைத்தான், அவனே தூவினான், கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். அப்புறம்தான் கெம்பம்மாவைக் குங்குமம் வைக்க விட்டான். கப்பி பழையபடி கிரீச்சென்று கத்திக்கொண்டு சுற்றியது. ஆறு பேர் இழுத்தார்கள்.

அருள்ஜோசப் இரண்டு பாதியையும் கம்பெனியில் ஒப்படைத்தபோது, பரிசோதகர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். மஞ்சள் எஃகில் நன்றாய் ஏறியிருந்தது. "இது என்ன கறை? எந்த ரசாயனம்?" என்று கேட்டாராம். மஞ்சள் சார், குங்குமம் சார் என்றால் நம்பவில்லையாம். கழித்ததே ஆனாலும் பறக்கிற பாகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனதற்காக அவரை ஹெலிகாப்டர் பிரிவிலிருந்து எடுத்துச் சாமான் கிடங்கில் போட்டார்கள். அதன்பின் மத்திகிரி அடுப்படிகளுக்குக் கழிச்ச சாமான் வருவது குறைந்தது. பெண்கள் சிலர் மேரிராணியோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மேரிராணி மட்டும் கிளம்பிப் போனாள். கூப்பிட்டு யாரும் சொல்லியனுப்பவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை. கெம்பம்மா எப்படிப் பார்ப்பாளோ என்று வழியெல்லாம் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே போனாள்.

கிணற்றுமேட்டில் கங்கப்பன் கூடையில் ஒரு காலை வைத்தபடி நின்றான். இன்னும் தண்ணீர் கண்டபாடில்லை. பாறை கசிகிறது என்றார்கள். கெம்பம்மா கிணற்றோரம் கல்மேல் ஏறி நின்று, கழற்றித் துடைத்த அச்சைக் கையில் பிடித்து, சாமிக்குப் போடுகிற அதே கையால் விபூதி தூவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கிண்ணம். மேரிராணியைப் பார்த்தாள். நகர்ந்து, கல்மேல் இடம் விட்டாள்.

"தெனமுமா அக்கா?"

"தெனமும்தான். இது பாக்காம எறங்க மாட்டேங்குது ஒங்கண்ணன்."

"தண்ணி பாக்கறதுக்கு முன்னால கழட்டக் கூடாதுன்னாங்களே?"

"ராத்திரி கெனாவுல கெணத்தையே கேட்டேன், கழட்டிப் பாக்கச் சொல்லிச்சு," என்றான் கங்கப்பன். "கதை பேசாதீங்க. கோடு இருக்கா?"

கெம்பம்மா அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இல்ல."

"எறங்கட்டுமா?"

"இரு," என்று அச்சை மேரிராணியிடம் நீட்டினாள் கெம்பம்மா. "நீயும் ஒருவாட்டி பாரு."